நீலகிரியின் சின்கோனாவும் வலக்கை இடக்கை மூலக்கூறுகளும்

முன்னுரை

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் உள்ள ஊர் நடுவட்டம். இன்று அங்கு எங்கு பார்த்தாலும் தேயிலையே தெரிகிறது. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இச்சரிவுகளில் வளர்ந்தது வேறொரு பயிர். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரமே அது. இந்த மரத்தின் பட்டையில் உள்ள வேதிப்பொருள்கள், இன்றைய மருந்துத் தொழிலின் முதன்மையான சிக்கல் ஒன்றோடு நேரடித் தொடர்புடையவை. வலக்கை, இடக்கை என இரு வடிவங்களில் அமையும் அமீன்களில் தேவையான வடிவத்தை மட்டும் எப்படிச் செய்வது என்பதே அச்சிக்கல். மரப்பட்டையில் தொடங்கி நொதிகள் வரை வந்த அந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது.

ஆண்டிஸ் மலையிலிருந்து நீலமலைக்கு

சின்கோனாவின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர். 1820ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு வேதியியலாளர்களான பெல்லெட்டியரும் காவென்டூவும் அதன் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்தனர். அதன்பின் மருந்தின் தேவை பெருகியது. காட்டு மரங்களோ வெட்டுண்டு குறைந்துகொண்டே வந்தன. இந்தியாவில் மலேரியாவால் மக்களும் படைவீரர்களும் மாண்டுகொண்டிருந்ததால், இம்மரத்தை இங்கேயே பயிரிட ஆங்கில அரசு முடிவு செய்தது.

இப்பணி கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பெரு நாட்டிலிருந்து கொண்டுவந்த செடிகள் 1860 அக்டோபரில் உதகைக்கு வந்தன, ஆனால் பிழைக்கவில்லை. ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஈக்வடாரில் சேகரித்த சிவப்புப்பட்டைச் சின்கோனாக் கன்றுகளை ராபர்ட் கிராஸ் கப்பலில் கொண்டுவந்தார். 1861 ஏப்ரலில் உதகையை அடைந்த இக்கன்றுகளே வேர்பிடித்தன.

மெக்ஐவரின் பாசி முறை

கன்றுகளைப் பெற்று வளர்த்தவர் உதகை அரசுத் தோட்டத்தின் கண்காணிப்பாளரான வில்லியம் கிரஹாம் மெக்ஐவர். அவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்களை உருவாக்கினார். சோலைக்காடுகள் அழிக்கப்பட்டு அங்கே சின்கோனா நடப்பட்டது. மலாய்த் தீபகற்பப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இத்தோட்டங்களில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களை அடைத்துவைத்த சிறைக் கட்டடம் நடுவட்டத்தில் இன்றும் உள்ளது.

பட்டைக்காக மரத்தையே வெட்டுவது அதுவரை இருந்த வழக்கம். மெக்ஐவர் வேறு வழி கண்டார். மரத்தின் பட்டையை ஒன்றுவிட்டு ஒன்றாக நீளக் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தை ஈரப்பாசியால் மூடிவைத்தார். அங்கே புதுப்பட்டை வளர்ந்தது. அதை ஆய்ந்தபோது பழைய பட்டையைவிடக் கொயினா மிகுதியாக இருந்தது. மரமும் பிழைத்தது, மருந்தும் கூடியது. மெக்ஐவர் 1876இல் மறைந்தார்.

நான்கு மருந்துகளும் சென்னை ஆணையமும்

சின்கோனாப் பட்டையில் கொயினா மட்டும் இல்லை. கொயினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்னும் மேலும் மூன்று முக்கிய ஆல்கலாய்டுகள் உள்ளன. நீலகிரியில் வளர்ந்த சிவப்புப்பட்டையில் கொயினாவைவிட மற்றவையே அதிகம். அவை பயனற்றவை என்றால் தோட்டத்தின் பெரும்பகுதி விளைச்சல் வீண். பயனுள்ளவை என்றால் ஏழை நோயாளிக்கும் மலிவான மருந்து கிடைக்கும்.

இதை அறிய 1866இல் சென்னை மாகாணத்தில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜான் புரோட்டன் என்னும் வேதியியலாளர் உதகையில் அரசின் கொயினா ஆய்வாளராக நியமிக்கப்பட்டார். ஆணையத்தின் மருத்துவர்கள் நான்கு மருந்துகளையும் தனித்தனியே 2472 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2445 பேர் குணமடைந்தனர். 27 பேருக்கு மட்டுமே பலன் கிட்டவில்லை. கொயினிடின் கொயினாவுக்கு ஈடாகவே வேலை செய்தது. சின்கோனிடின் சற்றுக் குறைவாகவும், சின்கோனின் அதைவிடக் குறைவாகவும் பலன் தந்தன. அந்தக் காலத்தில் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தது அரிய செயல்.

ஒரே வாய்பாடு, வேறு வடிவம்

கொயினாவுக்கும் கொயினிடினுக்கும் உள்ள வேறுபாடு என்ன? இரண்டிலும் 20 கார்பன், 24 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அவை இணைந்துள்ள வரிசையும் ஒன்றே. இரண்டு கார்பன் அணுக்களைச் சுற்றி மற்ற தொகுதிகள் எப்பக்கம் நோக்கி நிற்கின்றன என்பதில் மட்டுமே வேறுபாடு. சின்கோனினும் சின்கோனிடினும் அவ்வாறே. இந்தச் சிறு வேறுபாட்டால்தான் கொயினிடின் பிற்காலத்தில் இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்கும் மருந்தாகப் பயன்பட்டது.

வலக்கையும் இடக்கையும் ஒன்றுபோல் தோன்றினாலும் வலக்கை உறை இடக்கைக்குப் பொருந்தாது. மூலக்கூறுகளிலும் இத்தகைய இணைகள் உண்டு. இப்பண்பைக் கைரல் தன்மை என்பர். உடலில் உள்ள புரதங்களும் கைரல் தன்மை உடையவை. ஆகவே மருந்தின் ஒரு வடிவம் பொருந்தி வேலை செய்ய, மற்றது பயனற்றுப் போகலாம், தீங்கும் செய்யலாம்.

1853இல் லூயி பாஸ்டர், கலந்திருந்த இருவகை டார்டாரிக் அமிலத்தைப் பிரிக்கப் பயன்படுத்தியவை சின்கோனா ஆல்கலாய்டுகளிலிருந்து பெற்ற காரங்களே. அவை கைரல் அமீன்கள். ஆதலால் இரு வடிவங்களோடும் வெவ்வேறு விதமாகச் சேர்ந்தன. இன்றும் கொயினா வகைப் பொருள்கள் ஒரு வடிவத்தை மட்டும் உண்டாக்கும் வினையூக்கிகளில் இடம்பெறுகின்றன. 2001ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற பேரி ஷார்ப்லெஸின் ஆய்வுகளிலும் அவை பயன்பட்டன.

சின்கோனாவின் வீழ்ச்சி

நீலகிரித் தோட்டங்களை வென்றது சாவகத் தீவு. சார்லஸ் லெட்ஜர் என்னும் வணிகர் பொலிவியாவிலிருந்து தருவித்து 1865இல் விற்ற விதைகளை டச்சுக்காரர்கள் வாங்கினர். அவற்றிலிருந்து வளர்ந்த மரங்களில் கொயினா பன்மடங்கு இருந்தது. அவற்றிலும் சிறந்தவற்றையே தேர்ந்து பெருக்கினர். மெக்ஐவர் இருந்த மரத்தைப் பேணினார். டச்சுக்காரர்கள் நல்ல மரத்தைத் தேர்ந்தெடுத்தனர். தேர்வு முறையே வென்றது.

நடுவட்டத்தில் அரசு கொயினா ஆலை நெடுங்காலம் இயங்கியது. குளோரோகுயின் போன்ற செயற்கை மருந்துகள் வந்தபின் சின்கோனாவின் தேவை சுருங்கி, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. வால்பாறைப் பகுதியில் ஓர் ஊரின் பெயராகச் சின்கோனா இன்றும் நிலைத்திருக்கிறது.

மரம் செய்ததை நொதி செய்கிறது

சின்கோனா மரம் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து தொடங்கிப் பல நொதிகளின் துணையால் கொயினாவைச் செய்கிறது. நொதி ஒரு கைரல் புரதம். ஆகவே பெரும்பாலும் ஒரு வடிவத்தையே உண்டாக்கும். தொழிற்சாலையிலும் இவ்வாறு செய்ய முடியுமா?

இதற்கு உதவுபவை டிரான்ஸ்அமினேஸ் நொதிகள். இவை ஒரு பொருளிலிருந்து அமீன் தொகுதியை எடுத்து மற்றொன்றுக்கு மாற்றுகின்றன. வைட்டமின் பி6இலிருந்து உண்டாகும் துணைப்பொருள் இதற்குத் தேவை. கல்லீரல் பரிசோதனைச் சீட்டில் காணும் எஸ்.ஜி.பி.டி. என்பதும் இவ்வகை நொதியே.

சர்க்கரை நோய்க்கான சிட்டாகிளிப்டின் ஒரு கைரல் அமீன். 2006இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இம்மருந்தைச் செய்ய, தொடக்கத்தில் விலை உயர்ந்த ரோடியம் உலோகமும் உயரழுத்த ஹைட்ரஜனும் வேண்டியிருந்தன. மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்களின் அறிவியலாளர்கள் ஒரு பாக்டீரியாவின் டிரான்ஸ்அமினேஸை எடுத்துக்கொண்டனர். ஆனால் சிட்டாகிளிப்டினுக்குரிய பெரிய மூலப்பொருள் அந்த நொதியின் குழிக்குள் நுழையவே இல்லை. முதலில் குழியை அகலப்படுத்தினர். அப்போதும் ஒரு நாள் முழுதும் நூற்றில் ஒரு பங்குகூட மாறவில்லை. பிறகு மரபணுவில் சிறு மாற்றங்கள் செய்து, உண்டான நொதிகளில் சிறந்தவற்றைத் தேர்ந்து, அவற்றை மீண்டும் மாற்றினர். இவ்வாறு பல சுற்றுகள் நடந்தன. முடிவில் 27 அமினோ அமிலங்கள் மாறியிருந்தன. அந்த நொதி லிட்டருக்கு 200 கிராம் மூலப்பொருளை மாற்றி, 99.95 சதவீதத்துக்கும் மேல் சரியான வடிவத்தையே தந்தது. மொத்தக் கழிவும் 19 சதவீதம் குறைந்தது. இது 2010இல் வெளியிடப்பட்டது.

இத்தகைய தேர்வு முறைக்கு வழிகாட்டிய பிரான்சிஸ் அர்னால்டு 2018இல் நோபல் பரிசு பெற்றார். சாவகத்தில் மரங்களைத் தேர்ந்த அதே முறை, இங்கே மூலக்கூறு அளவில் நடந்தது எனலாம்.

முடிவுரை

சென்னை ஆணையம் 1866இல் கேட்ட கேள்வி, ஏழைக்கும் எட்டும் விலையில் மருந்து கிடைக்குமா என்பது. சிட்டாகிளிப்டினின் காப்புரிமை இந்தியாவில் 2022இல் முடிந்தபின், பல நிறுவனங்கள் அதை மலிவாக விற்கத் தொடங்கின. நல்ல செய்முறை மருந்தின் அடக்கவிலையைக் குறைக்கும்; அந்தப் பயன் நோயாளியைச் சேர்வது சட்டத்தையும் சந்தையையும் பொறுத்தது. வேதியியல், உயிரியல், வரலாறு ஆகிய மூன்றையும் ஒருங்கே கற்க விரும்பும் மாணவர்களுக்கு நடுவட்டத்தின் சின்கோனா நல்லதொரு தொடக்கமாகும்.