தோற்கும் குழு விலை உயர்ந்த ஆட்டக்காரரை வாங்கலாமா? – ஒரு குழு, இரண்டு ஒப்பந்தங்கள்

இம்முறை நம் பாடத்திட்டத்தில் எங்கும் இடம்பெறாத ஒரு வரலாற்றை எழுத எண்ணுகிறேன். இதற்குக் காரணம் ஆறாம் ஆண்டில் பயிலும் ஒரு மாணவன். டெக்சாசில் பணிபுரியும் அவனுடைய சித்தப்பா ஒரு நீலத் தொப்பியை அனுப்பியிருந்தார். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் என்னும் பேஸ்பால் குழுவின் தொப்பி அது. புறப்பாட நடவடிக்கையன்று அதை அணிந்து வந்தவன், "ஐயா, இந்தக் குழு 102 ஆட்டம் தோத்த வருசத்திலேயே ரெண்டு பேருக்கு 500 மில்லியன் டாலர் கொடுக்க ஒத்துக்கிச்சாம். தோக்கிற குழுவுக்கு அது எதுக்குங்க ஐயா?" என்று கேட்டான். "பணம் இருக்கிறது, கொடுக்கிறார்கள்" என்று சொல்லி அவனைத் திடலுக்கு அனுப்பிவிட்டேன். சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பள்ளி விடுமுறையில் அதைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்தபோதுதான் தெரிந்தது, அவன் கேட்டது அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஒரு வழக்கு என்று.

முதலில், ஓர் ஆட்டக்காரருக்கு விலை பேசும் உரிமை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அமெரிக்கப் பேஸ்பாலில் 'தக்கவைப்பு விதி' என்று ஒன்று இருந்தது. ஒருமுறை ஒரு குழுவில் கையொப்பமிட்டவர், அக்குழு விடுவிக்கும் வரையில் அதற்கே உரியவர். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் வேறிடம் செல்ல முடியாது. குழுவோ அவரைக் கேளாமலேயே வேறு குழுவுக்கு மாற்றிவிடலாம். 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் குழு, பன்னிரண்டு பருவங்கள் தனக்காக ஆடிய கர்ட் ஃபிளட் என்பவரை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியது. கறுப்பினத்தவரான ஃபிளட், தாம் விருப்பம் கேளாமல் விற்கவும் வாங்கவும் தக்க உடைமை அல்லர் என்று கூறிச் செல்ல மறுத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1972 இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் அவர் தோற்றார். அவருடைய ஆட்ட வாழ்வும் அதற்குள் முடிந்திருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1975 டிசம்பர் 23 அன்று, வேறு இரு பந்து வீச்சாளர்களின் முறையீட்டில் நடுவர் பீட்டர் சைட்ஸ் அவ்விதியின் பிடியைத் தளர்த்தித் தீர்ப்பளித்தார். போராடியவர் ஒருவர், பயனடைந்தவர்கள் வேறு பலர். நம் தோட்டப்புற வரலாற்றைப் படித்தவர்களுக்கு இது புதிதன்று.

அதன்பின் உருவான ஏற்பாடு இன்றுவரை ஏறத்தாழ அப்படியே உள்ளது. முதல்நிலை லீக்கில் ஆறு ஆண்டுகள் பணி முடித்தவர், ஒப்பந்தம் தீர்ந்ததும் விருப்பப்பட்ட குழுவோடு பேசலாம். இவரையே 'ஃப்ரீ ஏஜண்ட்' என்கிறார்கள். ஆறு ஆண்டுகள் ஆவதற்குள் பலருக்கு வயது முப்பதை நெருங்கிவிடும். ஆகவே வாங்கும் குழு, ஓர் ஆட்டக்காரரின் ஏறுமுகத்தை அன்றி உச்சியையும் அதற்கடுத்த இறக்கத்தையும் சேர்த்தே விலைக்கு வாங்குகிறது. தோற்றுக்கொண்டிருக்கும் ஒரு குழு எழுந்து நிற்கவே நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்றால், அதற்குள் வாங்கியவர் தளர்ந்துவிடமாட்டாரா? 'காத்திருங்கள், இளைஞர்களை வளருங்கள், பணத்தைப் பிறகு செலவிடுங்கள்' என்பாரின் வாதம் இதுவே. வலுவான வாதந்தான்.

இந்தச் சந்தை திறந்த முதல் ஆண்டிலேயே ஒரு சான்று கிடைத்தது. 1976 இல் 86 ஆட்டங்களில் தோற்ற கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் குழுவின் உரிமையாளர், திரைப்படங்களில் பாடி நடித்துப் புகழ்பெற்ற ஜீன் ஆட்ரி. அவ்வாண்டு நவம்பரில் அவர் பாபி கிரிச், டான் பேய்லர், ஜோ ரூடி ஆகிய மூவரையும் ஒருசேர வாங்கினார். அடுத்த பருவம் தொடங்குமுன்பே கிரிச் ஓர் அறைக் குளிரூட்டியைத் தூக்கப்போய் முதுகைக் கெடுத்துக்கொண்டார்! ரூடியின் கை முறிந்தது. 1977 இல் குழு 88 ஆட்டங்களில் தோற்றது, அதாவது முன்னைவிட இரண்டு கூடுதல். ஊரார் சிரித்திருப்பார்கள். ஆனால், 1979 இல் அதே குழு தன் வரலாற்றில் முதன்முறையாகப் பிரிவு வாகையர் ஆனது. பேய்லர் அவ்வாண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்றார். முதல் ஆண்டில் தீர்ப்பெழுதியவர்கள் மூன்றாம் ஆண்டில் என்ன சொல்லியிருப்பார்களோ.

இனி அந்த நீலத் தொப்பிக்கு வருவோம்.

2000 ஆம் ஆண்டில் ரேஞ்சர்ஸ் குழு 71 ஆட்டங்களில் வென்று 91 இல் தோற்றுக் கடைசி இடத்தில் நின்றது. அவ்வாண்டு டிசம்பரில் உரிமையாளர் டாம் ஹிக்ஸ், சியாட்டல் மரினர்ஸ் குழுவிலிருந்து வெளியேறிய அலெக்ஸ் ரோட்ரிகசைப் பத்தாண்டுகளுக்கு 252 மில்லியன் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். 1998 இல் ஹிக்ஸ் அந்தக் குழு முழுவதையும் வாங்கியதே 250 மில்லியனுக்குத்தான். ரோட்ரிகசுக்கு அப்போது வயது 25. 'வாங்குவதற்குள் தளர்ந்துவிடுவார்' என்ற வாதம் இவரிடம் செல்லாது. அவர் தளரவும் இல்லை. மூன்று பருவங்களில் 52, 57, 47 என்று ஹோம் ரன்கள் அடித்தார்; 2003 இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். அக்காலத்தில் ஊக்கமருந்து பயன்படுத்தியதாக 2009 இல் அவரே ஒப்புக்கொண்டார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

குழு என்ன ஆனது? 2001 இல் 73 வெற்றி, 2002 இல் 72, 2003 இல் 71. மூன்று ஆண்டும் தன் பிரிவில் கடைசி இடம். அவரை இழந்த சியாட்டல் குழுவோ 2001 இல் 116 ஆட்டங்களில் வென்று, 1906 முதல் நின்றிருந்த சாதனையைச் சமன் செய்தது.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு இது விளங்குவதற்கு ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கிரிக்கெட்டில் ஒரு சிறந்த மட்டையாளர் ஆட்டமிழக்காமல் நின்றால் நாள் முழுவதும் அவரே ஓட்டங்களைக் குவிக்கலாம். பேஸ்பாலில் ஒன்பது பேரும் வரிசை முறையில் வந்து போவார்கள். முதல்வர் எவ்வளவு வல்லவராயினும் மற்ற எட்டுப் பேரின் முறை முடிந்த பின்னரே அவருக்கு மீண்டும் மட்டை கிட்டும். எதிரணி எத்தனை ஓட்டம் எடுக்கிறது என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு பந்து வீச்சாளர்களுடையது. ரேஞ்சர்ஸ் குழுவில் ஓட்டை இருந்தது அங்கேதான். 2001 இல் அதன் பந்து வீச்சாளர்கள் ஒன்பது சுற்றுக்குச் சராசரி 5.71 ஓட்டம் விட்டுக்கொடுத்தனர். முதல்நிலைக் குழுக்கள் எதுவும் அவ்வாண்டு அவ்வளவு மோசமாக வீசவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ரோட்ரிகசோடு வந்து சேர்ந்தவர்களில் 39 வயது ஆந்த்ரெஸ் கலராகாவும் 37 வயது கென் காமினிட்டியும் இருந்தனர். இருவரும் மட்டையாளர்கள்.

நானும் ஒருமுறை மாவட்ட விளையாட்டுப் போட்டியின் தொடர் ஓட்டத்திற்கு ஒரே ஒரு வேகக்காரனை நம்பிக் குழு அமைத்தேன். கோல் அவன் கைக்கு வந்தபோது மற்றப் பள்ளிகள் கோட்டைத் தாண்டியிருந்தன. ஹிக்ஸைக் குறைசொல்ல எனக்கு அவ்வளவாக உரிமையில்லை.

2004 பிப்ரவரியில் ரேஞ்சர்ஸ் அவரை நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்கு மாற்றியது. அவர் வேறு குழுவுக்கு ஆட, அவருடைய ஊதியத்தில் 67 மில்லியன் டாலரைத் தானே கட்டுவதாகவும் ஒப்புக்கொண்டது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் போன பின், 2004 இல் அக்குழு 89 ஆட்டங்களில் வென்றது. மைக்கேல் யங், மார்க் டெக்சேரா, ஹாங்க் பிளேலாக் போன்ற இளைஞர்கள் முன்னுக்கு வந்திருந்தார்கள். 2010 மே மாதம் குழு நொடிப்புப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றபோது, கடன் கொடுக்கவேண்டியவர்களின் பட்டியலில் ஏறத்தாழ 25 மில்லியன் டாலருக்கு உரியவராக ரோட்ரிகசின் பெயர் இருந்தது. இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறென்ன வேண்டும் என்றுதான் முதலில் எனக்கும் தோன்றியது.

ஆனால், அதே ஆண்டுகளில் டெட்ராய்ட்டில் நடந்தது வேறு.

டெட்ராய்ட் டைகர்ஸ் குழு 2003 இல் 119 ஆட்டங்களில் தோற்றது. கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்றதால்தான் 1962 இன் நியூயார்க் மெட்ஸ் குழுவின் 120 தோல்வி என்ற அவப்பெயரிலிருந்து தப்பியது. உரிமையாளர் மைக் இலிச், பீட்சாக் கடைகளால் செல்வம் சேர்த்தவர். 2004 பிப்ரவரியில் இவான் ரோட்ரிகஸ் என்ற பந்து பிடிப்பாளரை (மேற்சொன்னவருக்கு உறவினர் அல்லர்) நான்கு ஆண்டுகளுக்கு 40 மில்லியனுக்கு எடுத்தார். வயது 32, முதுகு வலி வந்தவர். அடுத்த ஆண்டு முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மக்லியோ ஓர்டோனியசுக்கு ஐந்து ஆண்டுகள், 75 மில்லியன். இரு ஒப்பந்தங்களிலும் அந்தப் பழைய காயம் திரும்பினால் குழுவைக் காக்கும் நிபந்தனைகள் எழுதப்பட்டன. கண்ணை மூடிக்கொண்டு கொட்டிய பணம் அன்று அது.

2004 இல் 72 வெற்றி, 2005 இல் 71. இந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் டெக்சாசின் கதைதான். ஆயினும் அடியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. மோசமான பருவத்தின் பயனாக 2004 ஆம் ஆண்டின் இளம் ஆட்டக்காரர் தேர்வில் டெட்ராய்ட்டுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அக்காலத்தில் முதலிடம் இரு லீக்குகளுக்கும் மாறி மாறிச் சென்றதால், எல்லாரையும்விட அதிகம் தோற்றும் முதலிடம் கிட்டவில்லை. முதலிடம் பெற்ற சான் டியேகோ மேட் புஷ் என்பவரை எடுத்தது. டெட்ராய்ட் எடுத்த பையன் ஜஸ்டின் வெர்லாண்டர். 2006 இல் வெர்லாண்டர் ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார்; இவான் ரோட்ரிகஸ் அவருடைய பந்துகளைப் பிடித்தார்; ஓர்டோனியஸ் லீக் இறுதித் தொடரின் நான்காம் ஆட்டத்தில் கடைசிச் சுற்றில் ஹோம் ரன் அடித்து முடித்துவைத்தார். மூன்றாண்டுக்கு முன் 119 தோல்வி கண்ட குழு உலகத் தொடருக்குச் சென்றது. அங்கே தோற்றது என்பது வேறு. 2003 இல் 14 லட்சத்தைத் தொடாத பார்வையாளர் எண்ணிக்கை 2007 இல் 30 லட்சத்தைத் தாண்டியது.

விலை உயர்ந்த ஆட்டக்காரர் வெற்றியை உண்டாக்குவதில்லை, வந்துகொண்டிருக்கும் வெற்றியை விரைவுபடுத்துகிறார் என்பதே என் கருத்து. வருவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அவர் விரைவுபடுத்த என்ன இருக்கிறது?

காத்திருப்போர் ஹியூஸ்டனைக் காட்டுவார்கள். ஆஸ்ட்ரோஸ் குழு 2011, 2012, 2013 ஆகிய மூன்று பருவங்களில் 106, 107, 111 என்று தோற்றது. பணம் செலவிடவில்லை. 2013 தொடக்கத்தில் அக்குழு முழுமைக்குமான ஊதியத்தைவிட நியூயார்க்கில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் ஒருவரின் ஊதியம் மிகுதி. அவ்வாண்டு செப்டம்பரில் ஓர் ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பார்வை விழுக்காடு 0.0 என்று பதிவானது. 2017 இல் அவர்கள் உலகத் தொடரை வென்றார்கள். எதிரணியின் சைகைகளை மின்னணுக் கருவி கொண்டு திருடியது 2019 இல் வெளிப்பட்டதால் அவ்வெற்றியின் மீது கறை விழுந்தது. அந்த வெற்றிக்கும் கடைசிக் கல் ஒன்று தேவைப்பட்டது. 2017 ஆகஸ்ட் 31 அன்று, பெரும் ஊதியத்தோடு அவர்கள் பெற்றுக்கொண்ட பந்து வீச்சாளர் யார் தெரியுமா? அப்போது கலைக்கப்பட்டுக்கொண்டிருந்த டெட்ராய்ட் குழுவின் அதே வெர்லாண்டர்.

ஆட்டக்காரருக்குக் கொடுக்காமல் மீத்த பணம் முழுவதும் இளைஞர் பயிற்சிக்கே போகிறது என்று கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. 1975 க்கு முன் அப்பணம் யாரிடம் இருந்ததோ, அவர்களிடமே அது மீண்டும் தங்கிவிடலாம். மூன்றாண்டுகள் வேண்டுமென்றே தோற்கும் குழுவும் நுழைவுச்சீட்டுக்குக் காசு வாங்கத்தான் செய்கிறது. எட்டு வயதில் அரங்கிற்கு வரத் தொடங்கிய பிள்ளைக்கு அது பதினொரு வயது வரை.

மாணவன் கேட்ட ஆண்டு 2021. ரேஞ்சர்ஸ் 60 வெற்றி, 102 தோல்வி. டிசம்பர் தொடக்கத்திற்குள் கோரி சீகருக்குப் பத்தாண்டுகளுக்கு 325 மில்லியன், மார்கஸ் சிமியனுக்கு ஏழாண்டுகளுக்கு 175 மில்லியன், பந்து வீச்சாளர் ஜான் கிரேக்கு நான்காண்டுகளுக்கு 56 மில்லியன். முன்பு செய்த தவற்றை இருமடங்காகச் செய்கிறார்கள் என்றுதான் தோன்றும். 2022 இல் 94 தோல்விகள். ஆகஸ்டில் பயிற்றுநரும் பின் தலைமை அதிகாரியும் நீக்கப்பட்டனர். ஆனால், இம்முறை அவர்கள் ஒருவரோடு நிறுத்தவில்லை. அடுத்த குளிர்காலத்தில் பந்து வீச்சுக்கே பெரும்பணம் சென்றது: ஜேக்கப் டெக்ரோமுக்கு 185 மில்லியன், நேதன் இயோவால்டிக்கு 34 மில்லியன். 2019 தேர்வில் எடுத்த ஜோஷ் யங் மூன்றாம் தளத்திற்குத் தயாராகியிருந்தார். கார்டினல்ஸ் குழு வேண்டாமென்று காசுக்குக் கொடுத்துவிட்ட அடோலிஸ் கார்சியா ஹோம் ரன்களாக அடித்தார். 21 வயது இவான் கார்ட்டர் 2023 செப்டம்பரில்தான் முதல் ஆட்டமே ஆடினார்.

2023 இல் ரேஞ்சர்ஸ் தன் வரலாற்றின் முதல் உலகத் தொடரை வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் சீகர். சிமியன் அப்பருவத்தின் 162 ஆட்டங்களிலும் களமிறங்கினார். 185 மில்லியன் பெற்ற டெக்ரோம் ஆறே ஆட்டங்களில் வீசி, முழங்கை அறுவை சிகிச்சைக்குச் சென்றுவிட்டார். 34 மில்லியன் பெற்ற இயோவால்டி இறுதி ஆட்டம் வரை வீசினார்.

பள்ளி திறந்ததும் இவற்றை அம்மாணவனுக்குச் சொன்னேன். 2001 இன் கணக்கையும் 2023 இன் கணக்கையும் பலகையில் எழுதிக் காட்டினேன். அடுத்த ஆண்டு என்ன ஆனது என்று கேட்டான். 2024 இல் 78 வெற்றி, 84 தோல்வி. சீகரின் ஒப்பந்தம் 2031 வரை உள்ளது.