நட்பும் வணிகமும்: ஃபிரெண்ட்ஸ்டர் சமூக வலைத்தளத்தின் வரலாறு

முன்னுரை

இருபத்தொன்றாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தென்கிழக்காசிய இளையோரிடையே பெருவழக்குப் பெற்றிருந்த சமூக வலைத்தளம் ஃபிரெண்ட்ஸ்டர். அமெரிக்காவில் தோன்றிய அத்தளம் ஆசியாவில் வேரூன்றி, இறுதியில் மலேசிய நிறுவனம் ஒன்றின் உடைமையாயிற்று. அதன் வீழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தொழில்நுட்பக் குறைபாட்டையே காரணமாகச் சுட்டுவர். அக்காரணம் மறுக்கத்தக்கதன்று, எனினும் போதியதன்று. மக்களின் நட்புறவைக் கொண்டு வணிகம் செய்ய முற்பட்ட அந்நிறுவனம், அவ்வுறவில் எது பொருள் ஈட்டித் தரும் என்பதை உரிய காலத்தில் கண்டுகொள்ளவில்லை என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தோற்றமும் முதலீடும்

சமூக வலைத்தளம் என்னும் கருத்து ஃபிரெண்ட்ஸ்டருக்கு முந்தியது. 1997ஆம் ஆண்டிலேயே ஆண்ட்ரூ வைன்ரீக் என்பவர் நியூயார்க்கில் சிக்ஸ்டிகிரீஸ் என்னும் தளத்தைத் தொடங்கினார். ஒருவருடைய நண்பர்களுள் பெரும்பாலோர் இணையத்திற்கே வந்திராத காலம் அது. ஆதலின் அம்முயற்சி நிலைபெறவில்லை.

கனடாவிற் பிறந்த நிரலாளர் ஜோனதன் ஏப்ரம்ஸ் 2002ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஃபிரெண்ட்ஸ்டரை நிறுவினார். முன்பின் அறியாதவரை விட நண்பரின் நண்பரை நம்புதல் எளிது என்பதே அதன் அடிப்படை. 2003ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட சில மாதங்களிலேயே ஏறத்தாழ மூன்று மில்லியன் பேர் அதில் இணைந்தனர். அவ்வாண்டு கூகுள் நிறுவனம் 30 மில்லியன் அமெரிக்க டாலருக்கு அதனை வாங்க முன்வந்தது. ஏப்ரம்ஸ் அதனை ஏற்கவில்லை. கிளைனர் பெர்க்கின்ஸ், பெஞ்ச்மார்க் கேப்பிட்டல் ஆகிய துணிகர முதலீட்டு நிறுவனங்களிடமிருந்து 13 மில்லியன் டாலர் முதலீட்டைப் பெற்றார். அவ்வேளையில் நிறுவனத்தின் மதிப்பு 53 மில்லியன் டாலர் எனக் கணிக்கப்பட்டது. பிற்காலத்தார் இம்மறுப்பைப் பெரும்பிழை எனக் கூறினும், அன்றைய கணக்கில் அது பொருந்தா முடிவு எனக் கொள்வதற்கில்லை.

இடர்ப்பாடு வேறிடத்தில் எழுந்தது. ஒரு பயனர் தம் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் நான்கு படிநிலை வரையிலான நட்புத் தொடர்புகளை வழங்கிக் கணினிகள் கணக்கிட வேண்டியிருந்தது. பயனர் பெருகப் பெருக அக்கணக்கீடு பன்மடங்காயிற்று; ஒரு பக்கம் திறப்பதற்கே அரை நிமிடம் வரை காத்திருக்கும் நிலை உண்டாயிற்று. 2004ஆம் ஆண்டில் ஏப்ரம்ஸ் தலைமைச் செயல் அதிகாரிப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார்.

போலிப் பக்கங்களும் சந்தைப்படுத்தலும்

சமூக ஊடகச் சந்தைப்படுத்தலின் வரலாற்றில் இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது 'ஃபேக்ஸ்டர்' எனப்பட்ட போலிப் பக்கங்களைப் பற்றிய சிக்கலாகும். பயனர் சிலர் கதைமாந்தர், நகரங்கள், பல்கலைக்கழகங்கள் முதலியவற்றின் பெயரில் பக்கங்களை உருவாக்கினர். அவற்றை விரும்பியோர் நண்பர்களாக இணைந்தனர். மெய்யான மனிதர்க்கே தளத்தில் இடமுண்டு எனக் கருதிய ஏப்ரம்ஸ் 2003ஆம் ஆண்டில் அப்பக்கங்களை நீக்கச் செய்தார். அமெரிக்க ஆய்வாளர் டானா பாய்ட் இம்மோதலை விரிவாகப் பதிவு செய்துள்ளார். அடுத்த ஆண்டிலோ 'ஆங்கர்மேன்' என்னும் திரைப்படத்தை விளம்பரப்படுத்துவதற்காக அப்படத்தின் கதைமாந்தர்க்குப் பக்கங்கள் அதே தளத்தில் இடம்பெற்றன. பயனர் தாமே செய்தபோது குற்றமெனப்பட்டது, விளம்பரமாக வந்தபோது ஏற்புடையதாயிற்று.

2003ஆம் ஆண்டில் தொடங்கிய மைஸ்பேஸ் இதற்கு மாறான வழியைப் பின்பற்றியது. இசைக்குழுக்கள் தங்களுக்கெனப் பக்கம் அமைத்து, சுவைஞரை நண்பராகச் சேர்த்துக்கொள்ள அது இடமளித்தது. பெருநிறுவனத்தின் துணையின்றி இசைக்குழுவொன்று தன் பாடலைத் தானே பரப்பும் வாய்ப்பு இதனால் கிட்டியது. 2005ஆம் ஆண்டு நியூஸ் கார்ப்பரேஷன் நிறுவனம் மைஸ்பேஸின் தாய் நிறுவனத்தை 580 மில்லியன் டாலருக்கு வாங்கியது. 2007ஆம் ஆண்டு நவம்பரில் ஃபேஸ்புக், வணிக நிறுவனங்களுக்கெனத் தனிப் பக்கங்களை அறிமுகப்படுத்தியது. மனிதரல்லாத ஒன்றுடன் மனிதர் உறவுகொள்ள விழைவர் என்பதை ஃபேக்ஸ்டர்கள் நான்காண்டுகளுக்கு முன்னரே காட்டியிருந்தன. ஃபிரெண்ட்ஸ்டர் அதனை ஒழுங்குமீறலாகவே கண்டது, வாய்ப்பாகக் காணவில்லை.

ஆசியாவும் மலேசிய உடைமையும்

அமெரிக்கப் பயனர் விலகிச் சென்றபோது பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் ஃபிரெண்ட்ஸ்டர் செழித்தது. நண்பரைப் பாராட்டி எழுதும் 'டெஸ்டிமோனியல்' என்னும் சான்றுரை இளையோர் வாழ்வின் அங்கமாயிற்று. ஆனால் பயனர் ஒருவரால் கிட்டும் விளம்பர வருவாய் அமெரிக்காவை நோக்க இங்குக் குறைவு. கடனட்டை உடைய இளையோரும் சிலரே. பயனர் பெருக்கம் வருவாய்ப் பெருக்கமாகாமைக்கு இவை முதன்மைக் காரணங்கள்.

இவ்விடைவெளியை நிரப்ப முற்பட்டது மலேசியாவின் எம்ஓஎல் குளோபல் நிறுவனம். வின்சென்ட் டான் முதன்மைப் பங்குதாரராகவும் கணேஷ் குமார் பங்கா தலைமைச் செயல் அதிகாரியாகவும் விளங்கிய அந்நிறுவனம், இணைய மையங்களிலும் செவன் இலெவன் கடைகளிலும் ரொக்கம் செலுத்தி வாங்கத்தக்க முன்கட்டணப் புள்ளிகளை விற்று வந்தது. 2009ஆம் ஆண்டு டிசம்பரில் அது ஃபிரெண்ட்ஸ்டரை வாங்கியது. கடனட்டையில்லா இளைஞரும் அப்புள்ளிகளைக் கொண்டு மெய்நிகர் பரிசுகளையும் விளையாட்டுகளையும் வாங்குவர் என்பதே திட்டம். வட்டார மக்களின் பொருளியல் நிலையை அறிந்து வகுத்த தொழில்முனைவு இது. ஆயினும் காலம் கடந்துவிட்டது; பயனர் ஃபேஸ்புக்கிற்குப் பெயர்ந்துகொண்டிருந்தனர்.

2010ஆம் ஆண்டில் ஃபிரெண்ட்ஸ்டரின் காப்புரிமங்களை ஃபேஸ்புக் வாங்கியது. அதன் தொகை ஏறத்தாழ 40 மில்லியன் டாலர் எனச் செய்திகள் தெரிவித்தன. 2011ஆம் ஆண்டு ஃபிரெண்ட்ஸ்டர் விளையாட்டுத் தளமாக மாற்றப்பட்டபோது பயனர்தம் படங்களும் சான்றுரைகளும் பிற பதிவுகளும் நீக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டு சேவை நிறுத்தப்பட்டது. 2018ஆம் ஆண்டு நிறுவனமும் மூடப்பட்டது.

முடிவுரை

நட்புத் தொடர்பைக் கணக்கிடும் முறைக்கு உரிமம் இருந்தது. ஆதலின் அது விலைபோயிற்று. அக்கணக்கீட்டிற்கு உயிரளித்த மக்களின் எழுத்திற்கு அத்தகைய காப்பு ஏதும் இருக்கவில்லை. நீக்கத்திற்கு முன் ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வக் குழுவினர் பயனர் பக்கங்களின் ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தனர். அத்தரவைக் கொண்டே சூரிக் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர், ஒருவர் விலகுவது அவர்தம் நண்பரையும் விலகத் தூண்டித் தளத்தையே சரியச் செய்யும் முறையை 2013ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். தன்னார்வலர் காத்த அப்பகுதியும் இல்லையெனில் இவ்வாய்வு நிகழ்ந்திருக்க இயலாது.

இவ்வட்டாரத்து இளையோர் அக்காலத்தில் எம்மொழிகளைக் கலந்து எழுதினர், தம்மை எவ்வாறு அறிமுகம் செய்துகொண்டனர் என்பன மொழி, சமூக வரலாற்று ஆய்வாளர்க்கு இன்றியமையாத சான்றுகள். அவற்றுள் பெரும்பகுதி வணிக முடிவொன்றால் அழிந்தது. இன்றைய மாணவரின் எழுத்தும் இத்தகைய தனியார் தளங்களிலேயே பெரிதும் தங்கியுள்ளது. அவற்றை உரியோரின் இசைவுடன் தொகுத்துக் காக்கும் பணியைப் பல்கலைக்கழகங்களும் ஆசிரியர்களும் தளங்கள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே மேற்கொள்ளுதல் வேண்டும்.