அடிக்க மறுத்த பறை

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தின் ஒரு பள்ளி மைதானத்தில் கோட்டும் சூட்டும் அணிந்த 19 பேர் மேடையேறினார்கள். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவின் முதல் கச்சேரி அது. எலெக்ட்ரிக் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்திலேயே பறையும் சட்டியும் கட்டமோளமும் ஒலித்தன. ராக்கும் ராப்பும் கானாவும் ஒரே பாட்டுக்குள் வந்தன. குழுவின் ஒரே பெண் பாடகியான இசைவாணி 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்தார். குழுவின் ராப் பாடகர் அறிவின் குரல் உலகம் முழுக்கப் போனது. இந்தக் கதையை எல்லோரும் சென்னையின் கதையாகவே சொல்கிறார்கள்: வடசென்னைக் கானா, சினிமாக்காரரின் ஆதரவு, யூடியூப். அதில் பாதிதான் உண்மை. மீதியைத் தேட, 1993 வரை திண்டிவனமும் விழுப்புரமும் சேர்ந்திருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்குத்தான் போக வேண்டும். பறை மேடையேறும் முன்பு, அதை அடிக்கமாட்டோம் என்று சொன்ன ஒரு தலைமுறை அங்கே இருந்தது.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருளிலும் பறையைச் சேர்த்து எண்ணுகிறது. அவ்வளவு பொதுவாக இருந்த கருவி, பிற்காலத்தில் ஒரு சாதியின் தலையில் கட்டிய கடமையாகிப்போனது. ஊரில் சாவு விழுந்தால், திருவிழா வந்தால், ஏலமோ வரியோ அறிவிக்க வேண்டியிருந்தால் சேரிக்கு ஆள் போகும். கூலி என்று பேசிவைத்த தொகை கிடையாது. களத்தில் அளக்கும் நெல்லும் சாவு வீட்டுச் சில்லறையும்தான். கருவியின் பெயர் சாதிக்கும் ஆனது, சாதியின் பெயர் ஆங்கிலத்துக்குப் போய் ஒதுக்கப்பட்டவன் என்ற பொருளில் அகராதியில் உட்கார்ந்தது. இந்த வேலையை நிறுத்தச் சொல்லித் தென்னார்க்காட்டில் போராடியவர்களில் முதன்மையானவர் காட்டுமன்னார்கோயில் எல். இளையபெருமாள். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த அவர் தலைமையில் அமைந்த மத்திய அரசின் குழு, 1969இல் தீண்டாமை பற்றிய அறிக்கையைத் தந்தது. அடிக்க மறுப்பது சொல்வதற்கு எளிது. மறுத்தவர் மறுநாள் அதே ஊர்க்காரரின் வயலுக்குத்தான் வேலை கேட்டுப் போகவேண்டும். 1978 ஜூலையில் விழுப்புரத்தில் 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அது பறையை முன்னிட்டு மூண்ட கலவரம் அல்ல. ஆனால் தலைநிமிர நினைத்தவர்கள் எந்த மண்ணில் நின்றார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

விடுதலைக்காகக் கீழே போட்ட பறையை ஏன் திரும்ப எடுக்க வேண்டும், அது பழைய இழிவையே அலங்கரிப்பதாகாதா என்று தலித் இயக்கங்களுக்குள்ளேயே கேட்டவர்கள் உண்டு. இது லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. என்றாலும் கடமைக்கும் கலைக்கும் உள்ள வித்தியாசம் தோலிலும் குச்சியிலும் இல்லை. கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறதா, கூலியைத் தானே பேச முடிகிறதா, எதைப் பாடுவதென்று தானே முடிவுசெய்ய முடிகிறதா என்பதில்தான் இருக்கிறது. அந்த உரிமை மறுப்பின் வழியாகத்தான் கிடைத்தது. அதன் பிறகே மதுரை இறையியல் கல்லூரியில் தியோஃபிலஸ் அப்பாவு பறையை விடுதலை இசையாகக் கற்பிக்க முடிந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்திலேயே, புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்த கே.ஏ. குணசேகரன், 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்க் கவிஞர் இன்குலாபின் 'மனுசங்கடா' பாடலைப் பாடினார். 2016 ஜனவரியில் அவர் இறந்தார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் கீழ்ப்பாக்கத்துக் கச்சேரி. அந்த மைதானத்தில் கைதட்டிய எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரிந்திருக்குமோ!

அந்த மேடையின் கிதார் இரவல் சரக்கு என்பாருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆர்மோனியமும் கிளாரினெட்டும் இங்கே முளைத்தவை அல்ல. ராக் இசையே அமெரிக்கக் கறுப்பினத்தாரின் புளூஸில் பிறந்தது, ஆகவே உறவு முறைதான். குழுவின் பெயர்கூட, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தம் மக்களைச் சாதியற்றவர்களாகப் பதியச் சொன்ன பண்டிதர் அயோத்திதாசரிடமிருந்து வந்தது. சினிமா வெளிச்சமும் நகரத்து ரசிகரும் இல்லாமல் இந்தக் குழு இவ்வளவு தூரம் வந்திருக்குமா, கிராமத்தில் அது எதை மாற்றியது என்று கேட்பவர்களின் பேச்சில்தான் கனம் இருக்கிறது. வந்திருக்காது என்றே நினைக்கிறேன். மார்கழி சபாக்களுக்கு எதிரே 2020இல் 'மார்கழியில் மக்களிசை' விழாவை நடத்த முடிந்ததற்கும் அந்த வெளிச்சம்தான் காரணம். கிராமத்தைப் பொறுத்தவரை, பறையடித்துத் தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடும்படி தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022 ஆகஸ்டில். அதற்குள் இசைவாணியின் பெயர் லண்டன் வரை போய் ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தால் போதும் என்றது அந்தக் கடிதம்.