போலீஸ் ரேடியோவும் பக்கத்து வீட்டுப் பெரியவரும்

புனேயில் கணபதி விசர்ஜன ஊர்வலம். தெருமுனையில் நின்ற கான்ஸ்டபிளின் வாக்கி-டாக்கி கரகரத்துக்கொண்டே இருந்தது. "அப்பா, அவங்க பேசறதை நாம வீட்ல கேக்க முடியாதா?" என்றான் பையன். இங்கே கூடாதுடா என்றேன். பாட்டு கேட்கும் ரேடியோவுக்கே தாத்தா வருஷாவருஷம் போஸ்ட் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய நாடு. லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருந்தால் குற்றம் என்று 1933லேயே வெள்ளைக்காரன் சட்டம் போட்டுவிட்டான்.

அமெரிக்காவிலோ இது பலருக்குப் பொழுதுபோக்கு. 2006ல் ஆன்சைட் வேலையாக நியூஜெர்சியில் ஆறு மாசம் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் சமையலறையில் ஸ்கேனர் என்றொரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் என்று அலைவரிசை அலைவரிசையாகத் தானே தாவும். பேச்சு கேட்கிற இடத்தில் நிற்கும். சைரன் சத்தம் கேட்டால் தெருவே அவரிடம்தான் விசாரிக்கும்.

ஒருநாள் ராத்திரி என் ரூம்மேட்டுக்கு நெஞ்சுவலி. 911க்கு போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வருமுன்னே பெரியவர் கதவைத் தட்டினார். எங்கள் விலாசத்தை ஸ்கேனரில் கேட்டிருக்கிறார்! கூடவே ஆஸ்பத்திரிக்கும் வந்தார். நண்பன் பிழைத்துக்கொண்டான். ஆனாலும் வேறு யாரெல்லாம் கேட்டிருப்பார்கள் என்று உறுத்தாமல் இல்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். கதை ரொம்பப் பழசு. டெட்ராய்ட் போலீஸ் 1928ல் ரோந்துக் கார்களுக்கு ரேடியோவில் தகவல் சொல்ல ஆரம்பித்தது. காரிலிருந்து பதில் பேச முடியாது. அந்த வசதி 1933ல் நியூஜெர்சியின் பேயோன் நகரத்தில் வந்தது. 1930களின் வீட்டு ரேடியோக்கள் பலவற்றில் போலீஸ் அலைவரிசையும் உண்டு. 1938ல் வீஜீ என்ற நியூயார்க் புகைப்படக்காரர் அனுமதி வாங்கித் தன் காரிலேயே போலீஸ் ரேடியோ வைத்துக்கொண்டார். கொலை, தீ விபத்து எதுவானாலும் கேமராவோடு உடனே ஆஜர்.

2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு. குற்றவாளியைத் தேடிய ராத்திரி, உலகமே இன்டர்நெட் வழியாக பாஸ்டன் போலீஸ் ரேடியோவைக் கேட்டது. காணாமல் போயிருந்த ஓர் இந்திய வம்சாவளி மாணவரின் பெயரைப் போலீசே ரேடியோவில் சொன்னதாக யாரோ எழுத, அது தீயாய்ப் பரவியது. பின்னால் ஒலிப்பதிவுகளைத் தேடினால் அந்தப் பெயரே இல்லை. அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமும் இல்லை. சில நாளில் அவர் உடல் ஓர் ஆற்றில் கிடைத்தது. அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள்.

இப்போது பல ஊர்களில் போலீஸ் ரேடியோவைச் சங்கேதமாக்கிப் பூட்டுகிறார்கள். நியூயார்க் 2023ல் புரூக்ளினில் ஆரம்பித்தது. போலீஸ் என்ன செய்கிறது என்று இனி எப்படித் தெரியும் என்று பத்திரிகைக்காரர்கள் சண்டை போடுகிறார்கள். நியாயம்தான். என் நண்பனுக்கு நெஞ்சுவலி என்பதை ஊர் கேட்க வேண்டுமா என்பதும் நியாயம்தான்.

பெரியவர் ஒரு விதி வைத்திருந்தார். என்ன நடந்தது என்று சொல்வார், யார் வீட்டில் என்று சொல்லமாட்டார். "இதில் வருவது பாதி விசாரணைதான்" என்பார். பையனிடம் அதைத்தான் சொன்னேன். அவன் கையில் இருக்கும் வாட்ஸப்புக்கும் சேர்த்துத்தான்.