செத்த காலேஜின் வாசல்

சென்னைப் பட்டணத்து ஜனங்கள் பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள். எழும்பூர் மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும், மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும் பெயர் வைத்தார்கள். 1851இல் மியூசியம் ஆரம்பமானது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில். காலேஜ் என்ற சொல் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது போலும். மிருகங்களும் முதலில் மியூசியத்துத் தோட்டத்தில்தான் இருந்தன. பிறகு சென்ட்ரல் ஸ்டேஷனை அடுத்த பூங்காவுக்குப் போயின. 1985இல் அங்கிருந்தும் கிளம்பி வண்டலூருக்கு வந்து சேர்ந்தன. ஆகவே தாம்பரத்துவாசிக்கு இன்று உயிர் காலேஜ் பக்கத்து ஊரில் இருக்கிறது. செத்த காலேஜைப் பார்க்கத்தான் மின்சார ரயிலேறி எழும்பூரில் இறங்க வேண்டும்.

மியூசியத்தில் ஒரு பொருள் செத்துப்போவது வயதினால் அல்ல. அதன் கீழே எழுதி வைக்கிற சீட்டினால்தான். உலோகம் இன்னது, நூற்றாண்டு இன்னது, கிடைத்த ஊர் இன்னது என்று மூன்று வரி எழுதி விட்டால் அதற்கு மேல் அந்தப் பொருள் வாய் திறப்பதில்லை. நடராஜர் விக்கிரகத்துக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. பார்க்க வருகிறவன் அவரைக் கோயிலில் கண்டவன். சீட்டு சொல்லாததை அவனே நிரப்பிக்கொள்வான். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் பாட்டிக்குச் சீட்டே தேவையில்லை. ஆனால் முஸ்லிம்களின் கலைப் பொருள் என்று வரும்போது, அப்படி நிரப்பிக்கொள்ள நம்மில் பலருடைய கையில் ஒன்றும் இருப்பதில்லை. அங்கே சீட்டு சொல்வதுதான் பாடம். அது சொல்லாமல் விட்டது நமக்கு இல்லாமலே போய்விடுகிறது.

எழும்பூரிலேயே ஓர் உதாரணம் உண்டு. மியூசியம் வளாகத்தில் செந்நிறக் கல்லில் கம்பீரமாக நிற்கிறதே ஒரு கட்டடம், அது விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக எழுந்தது. 1906இல் வேல்ஸ் இளவரசர் அஸ்திவாரக் கல் நாட்டினார், 1909இல் திறந்தார்கள். ஹென்றி இர்வின் என்பவர் படம் போட்டார். நம்பெருமாள் செட்டியார் கட்டி முடித்தார். 1951இல் அது தேசியக் கலைக்கூடமாயிற்று. அதன் முகப்புக்கு மாதிரி எது? பதேபூர் சிக்ரியில் அக்பர் சக்கரவர்த்தி எழுப்பிய புலந்து தர்வாசா. உள்ளே மாட்டியிருந்த மொகலாயச் சிற்றோவியங்களைக் குனிந்து பார்த்தவர்கள் எத்தனையோ பேர். தாங்கள் நுழைந்து வந்த வாசலே அந்தப் பெரிய மரபின் பிள்ளை என்று நிமிர்ந்து பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். 2002இல் கட்டடம் பழுதென்று மூடிவிட்டார்கள். அது பல வருஷம் பூட்டியே கிடந்தது.

'இஸ்லாமியக் கலை' என்ற பெயரே பெரிய ஊர்களில் விவகாரமாகியிருக்கிறது. நியூயார்க்கில் மெட்ரோபாலிடன் மியூசியத்தார் தங்கள் கூடங்களைப் பல வருஷம் மூடி வைத்துத் திருத்தி, 2011இல் மறுபடி திறந்தபோது அந்தப் பெயரைப் போடவில்லை. அரபு நாடுகள், துருக்கி, ஈரான், மத்திய ஆசியா, பிற்காலத் தெற்காசியா ஆகியவற்றின் கலை என்று நீட்டி எழுதினார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியமோ 2018இல் புதுக் கூடம் திறந்து, 'இஸ்லாமிய உலகம்' என்று சுருக்கமாகவே பெயர் வைத்தது. இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஸ்பெயினிலிருந்து ஜாவா வரைக்கும் ஒரே மூட்டையாகக் கட்டினால் ஊரும் மனிதனும் மறைந்துபோகிறார்கள். ஊர் ஊராகப் பிரித்துவிட்டாலோ, அத்தனை ஊர்களையும் இணைத்த எழுத்தும் தொழுகையும் மறைந்துபோகின்றன.

பெயரைக் காட்டிலும் பொருளை வைக்கிற விதம் முக்கியம். லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் ஒரு பாரசீகக் கம்பளம் இருக்கிறது. அர்தபீல் என்ற ஊரில் ஒரு ஞானியின் அடக்கத்தலத்துக்காக நெய்தது. காஷான் ஊர் மக்ஸூதின் பெயரும், ஹிஜ்ரி 946 என்ற வருஷமும் அதிலேயே நெய்யப்பட்டிருக்கின்றன. நமது கணக்கில் 1539-40. வில்லியம் மாரிஸின் சிபாரிசின் பேரில் 1893இல் இரண்டாயிரம் பவுன் கொடுத்து வாங்கினார்கள். அதற்கு ஜோடி ஒன்று இருந்தது. இதன் கிழிசலை ஒட்டுப்போட அதை வெட்டினார்கள். மிச்சம் இப்போது லாஸ் ஏஞ்சல்ஸில். வெகுகாலம் இந்தக் கம்பளத்தைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள், ஏதோ சித்திரப்படம் போல. 2006இல்தான் தரையில் விரித்தார்கள். சாயம் வெளுக்காமலிருக்க மணிக்கு இரண்டு தடவை, பத்துப் பத்து நிமிஷம் மட்டும் விளக்கைத் தூண்டுகிறார்கள். கம்பளம் தரையில் கிடப்பது என்று கண்டுகொள்ள நூற்றுச் சொச்சம் வருஷம் ஆயிற்று! ஆனால் கண்டுகொண்டார்கள், அது பெரிது.

நம் ஊர்ப் பொருளுக்கு வருவோம். திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசல் 1795இல் நவாப் வாலாஜா குடும்பத்தார் கட்டியது. அதன் கல்லில் 'திக்ருல்லாஹி அக்பர்' என்ற தொடர் இருக்கிறது. இறைவனை நினைப்பதே பெரிது என்று பொருள். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. இந்தத் தொடரின் எழுத்துக்களைக் கூட்டினால் 1209 வரும். அதுதான் பள்ளிவாசல் எழுந்த ஹிஜ்ரி வருஷம். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாயாமாளவகௌளையின் முதல் இரண்டு எழுத்துக்களைக் கடபயாதி முறையில் எண்ணாக்கித் திருப்பிப் போட்டால் பதினைந்து என்று மேளத்தின் எண் வருகிறதே, அதற்கு உறவான வித்தை. இதில் இன்னும் ஒரு விசேஷம், அந்தத் தொடரை அமைத்துக் கொடுத்தவர் ராஜா மக்கன்லால் கிராத் என்ற இந்து. நவாபிடம் முன்ஷியாக இருந்தவர். 'பாரசீகக் கல்வெட்டு, 18ஆம் நூற்றாண்டு' என்று சீட்டு எழுதினால் தப்பில்லை. ஆனால் கணக்கும் போயிற்று, மனிதரும் போனார்.

கீழக்கரையின் பழைய ஜும்மா பள்ளிவாசலில் கல் தூண்கள் நிற்கின்றன. கோயில் மண்டபத் தூணை வடித்த அதே கைத்தொழில். உருவங்கள் மட்டும் இல்லை. அந்த இடத்தில் பூவும் கொடியும். இந்தத் தூணை எந்தக் கூடத்தில் வைப்பது? 'திராவிடச் சிற்பம்' என்ற கூடத்தில் தெய்வ உருவம் தேடுகிறார்கள். 'இஸ்லாமியக் கலை' என்றால் ஆக்ராவையும் டில்லியையும் தேடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே தமிழ் முஸ்லிமின் கல் வெளியில் நிற்கிறது. தாம்பரத்திலிருந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போகிறார்கள். அந்த வரிசையில் அஹமதுவும் நிற்கிறான், ஆறுமுகமும் நிற்கிறான். கூடத்தை விட்டு வெளியே வரும்போது ஒருவன் தன்னை வந்தேறி என்றும், மற்றவன் தன்னை வீட்டுக்காரன் என்றும் நினைத்துக்கொண்டு வந்தால், அது சரித்திரப் பாடமல்ல. தப்பாக எழுதிய சீட்டு.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சி தாம்பரத்துக்குக் கிழக்கே, மேடவாக்கம், சோழிங்கநல்லூர் தாண்டிக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் தென்னாட்டுப் பழைய வீடுகள் பலவற்றைக் கழற்றிக் கொண்டுவந்து திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு என்ற வரிசையில் சிக்மகளூர் முஸ்லிம் குடும்பத்து வீடு ஒன்றும் இருக்கிறது. தனிக் கூடமில்லை, தனிப் பெயருமில்லை. வாசற்படி ஏறி உள்ளே போகலாம். ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிட்ட இடம் என்று கால் வைத்ததும் தெரிந்துவிடுகிறது. இன்னும் சற்றுத் தெற்கே போனால் கோவளத்துத் தர்கா. அங்கே சீட்டும் கிடையாது, காப்பாளரும் கிடையாது. வேண்டுதலோடு வருகிறவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

எல்லாப் பொருளையும் இப்படி வீடு கட்டி வைக்க முடியாது. மியூசியத்தாரிடம் அப்படிக் கேட்பது நியாயமுமல்ல. மூன்று வரிச் சீட்டில் இன்னும் மூன்று வரி சேர்க்கச் சொல்லலாம். யார் செய்தது, யார் உபயோகித்தது, எழுத்து இருந்தால் அதை எப்படிப் படிப்பது. இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். அரபும் பாரசீகமும் தெரிந்த ஒருவர், நல்ல தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர், இரண்டு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் போதும். முதல் சீட்டை எழும்பூர்ச் செங்கல் நிறக் கட்டடத்தின் வாசலுக்கே எழுதலாம்.