வீழும் வாணம்: ஓர் ஓவிய வழக்கு

ஓவியம் கண்ட பொருளை உள்ளவாறு காட்டுதற்குரியதோ, அன்றி வண்ணங்களின் இசைவால் உள்ளத்தில் ஓர் உணர்வை எழுப்புதற்குரியதோ என்னும் வினா, 1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இலண்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. வாதி ஜேம்ஸ் விஸ்லர். அமெரிக்காவிற் பிறந்து இலண்டனில் வாழ்ந்த ஓவியர். பிரதிவாதி ஜோன் றஸ்கின். ஒக்ஸ்போட்டிற் கலைப் பேராசிரியர். அக்கால ஆங்கில மக்களின் கலைச்சுவையை நெறிப்படுத்திய பேரறிஞர்.

தேம்ஸ் நதிக்கரையிலிருந்த கிறீமோண் பூங்காவின் வாணவேடிக்கையை விஸ்லர் 1875ஆம் ஆண்டளவில் தீட்டினார். இருண்ட வானம், உதிரும் பொற்பொறிகள், புகைப்படலம், நிழல்போல் நிற்கும் சில உருவங்கள்; இவையன்றி அதில் வேறொன்றும் தெளிவாகத் தோன்றாது. இசைக்குரிய பெயரையே இட்டு, 'கருமையும் பொன்னும் இயைந்த இராப்பண்: வீழும் வாணம்' என அதனை அவர் வழங்கினார். 1877இல் குறோவ்னர் கலைக்கூடத்தில் அது வைக்கப்பட்டது. விலை 200 கினி. அதைக் கண்ட றஸ்கின், வண்ணக் கலயத்தைப் பொதுமக்கள் முகத்தில் வீசிவிட்டுப் பணமும் கேட்கும் செயல் இது எனத் தம் வெளியீட்டிற் கடிந்தெழுதினார். விஸ்லர் 1000 பவுண் நட்டஈடு கோரி மானநட்ட வழக்குத் தொடுத்தார்.

றஸ்கினைப் புதுமையின் பகைவரெனக் கொள்ளல் தவறு. ரேணர் என்னும் ஓவியரைப் பலர் எள்ளியபோது, 1843இல் 'நவீன ஓவியர்' என்னும் நூலால் அவரைக் காத்தவர் றஸ்கினே. ஆயினும், இயற்கையைக் கூர்ந்து நோக்கலும் உழைப்பும் செப்பமுமே கலைஞனின் நேர்மைக்குச் சான்று என்பது அவர் கொள்கை. அவ்வளவுகோலுக்கு விஸ்லரின் படம் அடங்கவில்லை.

றஸ்கின் நோயுற்றிருந்தமையால் மன்றுக்கு வந்திலர். அவர் சார்பில் தோன்றிய சட்டத்துறை நாயகம், இரண்டு நாள் உழைப்புக்கோ 200 கினி என வினவினார். அன்று, வாழ்நாள் முழுவதும் ஈட்டிய அறிவுக்கே அவ்விலை என்று விஸ்லர் விடையிறுத்தார். ஓவியர் பேண்-ஜோன்ஸ் அப்படம் நிறைவுபெறாதது எனச் சாட்சியம் அளித்தார். யூரிமார் விஸ்லருக்குச் சார்பாகத் தீர்த்தனர். ஆனால் வழங்கிய நட்டஈடு ஒரு பாதிங்கு, அஃதாவது கால் பென்னி மாத்திரமே. வழக்குச் செலவும் கிடைத்திலது. 1879இல் அவர் கடனிறுக்க இயலாது முறிவடைந்து, வீட்டையும் இழந்தார். றஸ்கினோ தம் பேராசிரியப் பதவியைத் துறந்தார். வென்றவரும் தோற்றவரும் ஒருங்கே இழந்தனர்.

எனினும் வினா மறையவில்லை. விஸ்லர் பொருளுருவை முற்றாக நீக்கினாரல்லர். வண்ண அமைதியே படத்தின் உயிர் என்று நிலைநாட்ட முயன்றார். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கண்டின்ஸ்கி முதலியோர் பொருளுருவையே விடுத்து எழுதத் துணிந்தபோது, அந்நெறியின் முன்னோடிகளுள் ஒன்றாக வீழும் வாணம் மதிக்கப்படலாயிற்று. இன்று அது அமெரிக்காவின் டெற்றோயிற் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது.

ஒரு தலைமுறையின் புதுமையைக் காத்த அளவுகோலே அடுத்த தலைமுறையின் புதுமைக்குத் தடையாதலும் கூடும். கற்றோரும் கற்பிப்போரும் இவ்வழக்கினின்று உணரற்பாலது இதுவேயாகும்.