சம ஆசனமும் இலவசக் கல்வியும்

கல்வி சமுதாயத்தை மாற்றும் என்கின்றோம். சமுதாயமும் கல்வியைத் தன் சாயலில் வார்க்கின்றது என்பதை யாழ்ப்பாண வரலாறு உணர்த்தும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலக் கல்வியே உத்தியோகத்துக்கு வழியாயிற்று. மிஷன் கல்லூரிகளும் போட்டியாய் எழுந்த சைவக் கல்லூரிகளும் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வல்லார்க்கே அவ்வழியைத் திறந்தன. தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் பாடசாலையிற் சேர்ந்த பின்னரும் நிலத்திலேயே இருத்தப்பட்டனர். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்குமாறு 1930 ஐ அண்டி வித்தியாபகுதி பணித்தபோது எதிர்ப்பு மூண்டது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஒரு வாங்கு ஏன் இத்துணை அச்சமூட்டியது? வாங்கிற் சமமாய் அமர்ந்தவன் வயலிலும் வீதியிலும் பணிந்து நில்லான் என்பதை ஆதிக்கம் அறிந்திருந்தது.

கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணத் தடை தளர்ந்தது. சாதித் தடை தளரவில்லை. பாடசாலை அனுமதியைச் சாதி காட்டி மறுப்பதைக் குற்றமாக்க 1957 ஆம் ஆண்டுச் சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் வந்த பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாயிலில் மக்கள் போராடவே நேர்ந்தது.

இன்று ரியூசன் வகுப்புகள் கட்டணத் தடையை மீண்டும் எழுப்புகின்றன. பாடத்திட்டத்தை முடிப்பதோடு நம் கடன் முடிவதில்லை. வகுப்பறையில் யார் இல்லை, ஏன் இல்லை என்று கேட்பதும் ஆசிரியப் பணியே.